பாரை மீனுக்கு ஒரு கிடாத் தாடி

செண்பகம் அக்கா வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தில் அவள் காட்ட நினைத்தது தன் புதுச் சேலையை. நான் பார்த்தது அவளுக்குப் பின்னால் நின்ற கிடாயின் தாடியை.

வெள்ளையும் கறுப்பும் கலந்து, ஒரு சாணுக்குமேல் நீளமாக, காற்றில் ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றது அந்தத் தாடி. படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். "சேலை எப்படி இருக்கு?" என்று அக்கா கேட்டிருந்தாள். "அந்த ஆடு யாருது?" என்று பதில் போட்டேன். அன்று முழுக்க அவள் என்னோடு பேசவில்லை.

நான் அந்தமானில் பிறந்து வளர்ந்தவள். போர்ட் பிளேரில் என் கணவர் செல்வம் படகு ஓட்டுகிறார். மீன் பிடிப்பதற்கென்றே வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களைப் பவளப்பாறை ஓரங்களுக்குக் கூட்டிப் போவதுதான் எங்கள் தொழில். அவர்கள் தூண்டிலில் இரை வைப்பதில்லை. முடி, இறகு, மினுங்கும் இழை இவற்றைத் தூண்டில் முள்ளில் நூலால் கட்டிச் செய்த போலி மீனைத்தான் வீசுவார்கள். அதற்குப் பெயர் ஃப்ளை, அதாவது ஈ. ஈயைப் பார்த்துச் செய்ததாக ஒன்றிரண்டு இருக்கலாம். நான் கட்டுவதெல்லாம் சாளை, மடவை, கணவாய் போல இருக்கும். எங்கள் படகுக்கான ஃப்ளை முழுவதும் என் கையால் கட்டியதுதான். நானும் படகில் போய்த் தூண்டில் வீசிக் காட்டிக்கொடுப்பேன். போன சீசன் பாதியில் வலது தோளில் சவ்வு கிழிந்தது.

அதற்கப்புறம் நான் கரையிலேயே இருந்துவிட்டேன். தோளுக்குப் பயிற்சி கொடுத்த டாக்டரம்மா, "லேசானது வீசலாம், கனமானது வேண்டாம்" என்றார். பாரை மீனுக்கு லேசானது எங்கே இருக்கிறது? அதற்குப் பெரிய ஃப்ளைதான் வேண்டும். கடையில் விற்கிற செயற்கை முடி துவண்டு போவது. மீன் மாதிரி தடியாகத் தெரிய நிறையக் கட்ட வேண்டும், நிறையக் கட்டினால் தண்ணீரைக் குடித்துக்கொள்ளும். ஈரத் துண்டைச் சுற்றி வீசுவதுபோல் இருக்கும். கொஞ்சமாக இருந்தாலும் விறைப்பாக நிற்கிற நீள முடி கிடைத்தால், பெரிதாகத் தெரிகிற, ஆனால் கனக்காத ஃப்ளை கட்டலாம். அப்படிக் கட்ட முடிந்தால் நான் மறுபடி படகில் ஏறலாம். முடியாவிட்டால் கரையில் ஃப்ளை கட்டுகிற மேஜைதான்.

ஆகவே ஒரு தாடிக்காக, கடல் தாண்டி, கடலே இல்லாத ஊருக்கு ஐப்பசியில் கிளம்பினேன்.

கோவில்பட்டி ஸ்டேஷனில் காலையில் இறங்கினேன். எங்கள் ஊரில் பச்சை கண்ணைக் குத்தும். எதைப் பார்த்தாலும் மரம், மரத்துக்குப் பின்னால் மரம். இங்கே வானம் தரைவரைக்கும் இறங்கியிருந்தது. அக்கா ஸ்கூட்டரோடு வந்திருந்தாள். அவள் என் பெரியம்மா மகள். அத்தான் லாரியில் தீப்பெட்டி பண்டல் ஏற்றிக்கொண்டு வடக்கே போயிருந்ததால் தீப்பெட்டி ஆபீஸை அவள்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இங்கே தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்கிறார்கள்.

"ஏட்டி ஜெயா, நெசமாவே ஆட்டுத் தாடிக்கா வந்திருக்க?"

"உன்னையும் பாக்கத்தான்க்கா."

"பொய் சொல்லாத. சேலைய ஒரு வார்த்த கேட்டியா நீ?"

வீட்டில் உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் காத்திருந்தன. தோலோடு போட்ட கறுப்பு உளுந்து, பூண்டு, மேலே நல்லெண்ணெய். எங்கள் வீட்டில் காலை, மதியம், ராத்திரி மூன்று வேளையும் மீன்தான். துவையலை வைத்துக்கொண்டு இரண்டு தட்டு சாப்பிட்டேன் என்றால் செல்வம் நம்பமாட்டார். சாப்பிடும்போதே பையைத் திறந்து ஃப்ளை ஒன்றை அக்காவிடம் காட்டினேன்.

"இதுவா ஈ? இத மீனு திங்குமா?"

"திங்காதுக்கா. கடிக்கும்."

"கடிச்ச பெறவு?"

"பிடிச்சுப் படம் எடுத்துட்டு விட்டுருவோம்."

அக்கா சோற்றுக் கையோடு என்னைப் பார்த்தாள். "விடுததுக்கா இம்புட்டுப் பாடு?" என்று கேட்டுவிட்டு, எழுந்து போய் இன்னும் கொஞ்சம் துவையல் கொண்டுவந்தாள்.

மறுநாள் காலை ஸ்கூட்டரில், அக்கா அந்தப் படம் எடுத்த புதூர்ப் பக்கம் போனோம். விதைப்பு முடிந்து உளுந்தும் சோளமும் முளைத்துக்கொண்டிருந்த நேரம். கரிசல் காடு முழுக்கக் கறுப்புத் துணியில் பச்சை நூலால் வரி போட்டதுபோல் இருந்தது. வழியில் ஒரு டீக்கடையில் கருப்பட்டிக் காப்பி குடித்தோம். கடைக்காரர் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னொரு மழ பெஞ்சாத்தான் முளைச்சது நிக்கும்" என்றார், யாரிடம் என்றில்லாமல். மழை வேண்டும் என்று ஏங்குவதை எங்கள் ஊரில் நான் கேட்டதே இல்லை. எங்களுக்கு மழை நின்றால்தான் பிழைப்பு.

கிடாய்க்குச் சொந்தக்காரி ரெங்கம்மா. என் வயதுதான் இருக்கும். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். எங்களைத் தமிழில் வரவேற்று, கிடாயைத் தெலுங்கில் திட்டினாள். கிடாயின் பெயர் துரை. கொடி ஆடு என்கிற உயரமான இனம். வெள்ளை உடம்பில் கரும்புள்ளிகள். தாடியோ படத்தில் பார்த்ததைவிட அழகாக இருந்தது. வெளிப்புறம் கறுப்பு, உள்ளே வெள்ளை. முதுகு கறுத்து வயிறு வெளுத்த மடவை மீனின் நிறம் அது. நான் தொட்டுப் பார்த்தேன். வளைத்தால் நிமிர்ந்தது. விரலை எடுக்கவே மனம் வரவில்லை.

விஷயத்தை அக்கா சொன்னாள். ரெங்கம்மா சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

"எம் மக காய்ச்சல்ல கெடந்தப்போ நேந்துகிட்டது மதினி. அவ பொழைச்சு எந்திரிச்சா ஒரு குட்டிய உசுரோட காளியம்மனுக்கு விடுதேன்னு. வெட்டுக்கும் கெடையாது, விக்கவும் கெடையாது. அது அம்மனுக்குள்ளது. தாடிய வெட்ட நான் யாரு?"

மகள் இப்போது திருநெல்வேலியில் நர்ஸுக்குப் படிக்கிறாளாம். அதற்கு மேல் கேட்பது மரியாதை இல்லை என்று எனக்குத் தோன்றியது. "பரவாயில்லைங்க, பாத்ததே சந்தோஷம்" என்றேன். குரல் காட்டிக்கொடுத்திருக்கும்போல. ரெங்கம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"அப்பிடி என்ன அவசரம் ஒங்களுக்கு, தாடிக்கு?"

தோளைப் பற்றிச் சொன்னேன். படகைப் பற்றிச் சொன்னேன். அக்காவிடம்கூடச் சொல்லாத ஒன்றையும் அந்த முற்றத்தில் நின்று சொல்லிவிட்டேன். வலி போய் நாளாகிவிட்டது, பயம்தான் போகவில்லை. தூண்டில் கம்பைக் கையில் எடுத்தாலே தோள் தானாக இறுகிக்கொள்கிறது. அக்கா என் பக்கம் திரும்பி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ரெங்கம்மா துரையின் கயிற்றை அவிழ்த்தாள். "அம்மன்கிட்டயே கேட்டுருவோம்" என்றாள்.

கோயில் பக்கத்திலேயே இருந்தது. வேப்பமரத்தடியில் சின்ன மேடை. துரையை இழுத்துவந்து நிறுத்தி, கழுத்தில் மாலை போட்டு, முதுகில் மஞ்சள் தண்ணீர் தெளித்தாள். ஆடு உடம்பைச் சிலுப்பினால் அம்மன் சம்மதித்தாள் என்று அர்த்தம். சிலுப்பாவிட்டால் நாங்கள் வந்த வழியே போக வேண்டியதுதான்.

துரை சிலுப்பவில்லை. கழுத்து மாலையைத் திரும்பித் தின்றது. மறுபடி தண்ணீர் தெளித்தாள். வேப்பங்கொழுந்தைத் தின்றது. கிணற்றுக்குப் போன பெண்கள் குடத்தோடு நின்று பார்த்தார்கள். "வேற சோலி இருக்கும் அம்மனுக்கு" என்றாள் ஒருத்தி. அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு, "சிலுப்பேன் சனியனே" என்று முணுமுணுத்ததை நான் கேட்டேன், அம்மன் கேட்டாளா தெரியாது. வெயில் ஏறியது. ரெங்கம்மா வீட்டிலிருந்து கம்மங்கூழும் மோர் மிளகாயும் கொண்டுவந்தாள். எல்லோரும் மரத்தடியில் உட்கார்ந்து குடித்தோம். துரை நடுவில் நின்று, எங்களை ஒவ்வொருவராகப் பார்த்து அசைபோட்டது.

கிழக்கே கறுத்துக்கொண்டு வந்ததை நாங்கள் கவனிக்கவில்லை. முதலில் மண் வாசம் வந்தது. பிறகு பெரிய பெரிய துளிகளாக மழை விழுந்தது. யாரும் எழுந்து ஓடவில்லை. குடத்தை இறக்கி வைத்துவிட்டு முகத்தை மேலே நீட்டி நின்றார்கள். துரை அதுவரை நின்ற இடத்தில் நின்றபடியே, கொம்பிலிருந்து வால்வரை உடம்பைப் படபடவென்று சிலுப்பியது. மாலையில் மிச்சமிருந்த பூவெல்லாம் எங்கள்மேல் தெறித்தது.

"அம்மனே தண்ணி தெளிச்சிட்டா" என்றாள் ரெங்கம்மா. அவள் கண் நிறைந்திருந்தது. மழைக்கா, அம்மன் சம்மதத்துக்கா என்று நான் கேட்கவில்லை. அவளே என்னிடம் கத்திரிக்கோலை வாங்கி, ஒரு கையால் துரையின் தாடையைத் தாங்கிக்கொண்டு, தாடியில் பாதியை மட்டும் வெட்டினாள். "மீதி அவனுக்கு அழகுக்கு" என்றாள்.

கரிசலில் மழை பெய்தால் என்ன ஆகும் என்று திரும்பும்போதுதான் தெரிந்தது. கொஞ்ச தூரத்தில் ஸ்கூட்டர் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே மண் அப்பி, சக்கரம் சுற்றாமல் நின்றுவிட்டது. குச்சியால் குத்தி எடுத்தோம். நாலு எட்டு தள்ளினோம். மறுபடி அப்பியது. செருப்பு மண்ணோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. கழற்றிக் கையில் எடுத்தால், பாதத்தில் மண் சேர்ந்து சேர்ந்து யானைக்கால் ஆயிற்று. அக்கா சறுக்கி உட்கார்ந்தாள், தூக்கப் போன நானும் உட்கார்ந்தேன். சேற்றில் உட்கார்ந்தபடி அக்கா சிரிக்க ஆரம்பித்தாள். படத்தில் இருந்த அந்தப் புதுச் சேலைதான் அது. "இப்பவாவது நல்லா இருக்குன்னு சொல்லு" என்றாள். நல்லா இருக்கு என்றேன். தாடியை மஞ்சள் பையில் சுற்றித் தலைக்குமேல் தூக்கிப் பிடித்திருந்தேன்.

கடைசியில் ஒரு டிராக்டர்காரர் எங்களையும் ஸ்கூட்டரையும் சேர்த்து ஏற்றிக்கொண்டு தார் ரோட்டில் விட்டார். "எங்கன போயிட்டு வாரிய?" என்று கேட்டார். "தாடி எடுக்க" என்றாள் அக்கா. அவர் அதற்கப்புறம் எதுவும் கேட்கவில்லை.

மறுநாளும் மூட்டமாகவே இருந்தது. ஈரக் காற்றில் தீக்குச்சி காயாது என்று அக்கா ஆபீசுக்கு லீவு விட்டுவிட்டாள். நான் சாப்பாட்டு மேஜையில் முள்ளைப் பிடித்துக்கொள்கிற என் குட்டி இடுக்கியான வைஸைப் பொருத்தி, அதன் வாயில் முள்ளைக் கவ்வவைத்து, உட்கார்ந்தேன். முந்தின நாளே தாடியை ஷாம்பு போட்டு அலசி, வாடை போகக் காயவைத்திருந்தேன். வாடை முழுக்கப் போகவில்லை.

முடியைக் கட்டுவதில் ஒரு வழி இருக்கிறது. பின்னோக்கிக் கட்டினால் முடி முள்ளோடு படுத்துக்கொள்ளும். முன்பக்கம் நீட்டிக் கட்டி, விரலால் பின்னுக்கு மடக்கி, அடியில் நூலைச் சுற்றி முட்டுக்கொடுத்தால் குடைபோல விரிந்து நிற்கும். உள்ளே காற்றுதான் இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் முழு மீன். ஒவ்வொரு சிட்டிகையாக வெள்ளையைக் கீழேயும் கறுப்பை மேலேயும் வைத்துக் கட்டினேன். மினுமினுப்புக்கு, அக்கா பேன்சி கடையில் வாங்கிவைத்திருந்த ஜிகினா இழை இரண்டு. கண்ணை ஒட்டி, தலைக்கு நெயில் பாலிஷ் பூசினேன்.

கட்டியதை நீந்தவைத்துப் பார்க்கத் தண்ணீர் வேண்டும். பின்கட்டில் இருந்த சிமெண்டுத் தொட்டிக்குக் கொண்டுபோனேன். அன்றைக்குத்தான் குழாயில் தண்ணீர் வந்து தொட்டி நிறைந்திருந்தது. அடுத்து எப்போது வரும் என்று தெருவில் யாருக்கும் தெரியாது.

"ஏட்டி, குடிக்கித தண்ணியில ஆட்டு மயிரயா போடுத?"

"சுத்தமா கழுவிட்டேன்க்கா."

"ஒங்கூருல கடலே கெடக்கு. எனக்கு இந்தத் தொட்டிதான் கடலு."

துணி துவைக்கிற தொட்டிக்கு என்னைத் துரத்திவிட்டாள். அங்கே முதல் ஃப்ளை, இழுத்தவுடன் செத்த மீனைப்போல மல்லாந்தது. வழக்கமாக முள்ளின் அடியில் ஈயக் கம்பி சுற்றினால் சரியாகிவிடும். ஆனால் கனம் கூடக்கூடாது என்றுதானே இவ்வளவு தூரம் வந்தது? பிரித்துக் கட்டினேன். இரண்டாவது ஒரு பக்கமாகச் சாய்ந்தது. வயிற்றுப் பக்கம் வைத்த முடிதான் முள்ளை மேலே தள்ளுகிறது என்று மெதுவாகப் புரிந்தது. கத்திரியை எடுத்து வயிற்று முடியை ஒவ்வொன்றாகக் களைந்துகொண்டே போனேன். முள்ளின் வளைவு வெளியே தெரிய ஆரம்பித்ததும் அதுவே படகின் அடிக்கட்டைபோல ஃப்ளையை நிமிர்த்திப் பிடித்தது. இழுத்தேன். நேராக நின்றது. நிறுத்தினேன். முடியெல்லாம் மெல்ல விரிந்து மூச்சுவிட்டது. வெளியே எடுத்து ஒரு உதறு உதறியதும் தண்ணீர் போய்விட்டது. உள்ளங்கையில் கனமே இல்லை.

துணியோடு வந்த அக்கா பின்னால் நின்று பார்த்தாள். "உசுரு இருக்கித மாதிரில்லா இருக்கு" என்றாள்.

"நாளைக்கு வைப்பார் கடற்கரைக்குப் போலாமாக்கா?"

"ஆபீசு லீவுதான. போவோம்." துணியைக் கீழே வைத்துவிட்டு, "நானும் கடலப் பாத்து வருசமாச்சு. இங்கன இருக்கு, போகத்தான் தோணுதில்ல" என்றாள்.

விளாத்திகுளத்தில் பஸ் மாறி வைப்பாற்று முகத்துவாரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். ஊரிலிருந்து நான் கொண்டுவந்த தூண்டில் கம்புக் குழாயைப் பார்த்துக் கண்டக்டர், "சர்வே எடுக்க வந்தியளா?" என்று கேட்டார். அக்கா ஆமாம் என்று சொல்லிவிட்டாள். கையில் புளியோதரைப் பொட்டலமும் காராச்சேவும் இருந்தன. பஸ்ஸிலேயே காராச்சேவு தீர்ந்துவிட்டது.

ஆறு கடலில் சேருகிற இடத்தில் மணல் திட்டு நீளமாகப் படுத்திருந்தது. மழைத் தண்ணீர் வந்து கழிமுகம் பழுப்பும் பச்சையுமாகக் கலங்கிக் கிடந்தது. ஒரு மனிதர் வீச்சு வலையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். பெயர் அந்தோணி. அக்கா அவரை அண்ணாச்சி என்றாள். அவர் ஃப்ளையை வாங்கி முகர்ந்து பார்த்தார்.

"ஆட்டு வாடைலா அடிக்கி."

"ஆடுதான் அண்ணாச்சி" என்றேன்.

"நம்ம மீனுக்கு ஆட்டுக்கறி தந்தா வேண்டாம்னா சொல்லும்?" என்று சிரித்துவிட்டு, மடவைக் கூட்டம் துள்ளிக்கொண்டிருந்த பக்கத்தைக் காட்டினார். "அதுகள வெரட்டிக்கிட்டுப் பாரை நிக்கி. காலையிலேருந்து பாக்குதேன்."

முழங்கால் தண்ணீரில் இறங்கிக் கம்பைத் தூக்கினேன். தோள் இறுகியது. கண்ணை மூடிக்கொண்டு பின்னால் வீசினேன், லைன் நீளுகிறவரை காத்திருந்தேன், முன்னால் வீசினேன். வலிக்கவில்லை. வலிக்கும் என்று நினைத்த இடத்தில் ஒன்றுமே இல்லை. கண்ணைத் திறந்தபோது லைன் தண்ணீருக்குமேல் நீண்டு விரிந்து, நுனியில் துரையின் தாடி மெத்தென்று விழுந்தது.

கம்பை வலது கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கையாலும் மாற்றி மாற்றி லைனை இழுத்தேன். இந்த இழுப்பில் தோளுக்கு வேலை இல்லை. அக்கா கரையிலிருந்து, "கெணத்துல தண்ணி எறைக்கித மாதிரில்லா இருக்கு" என்றாள். கொஞ்ச நேரத்தில் ஃப்ளைக்குப் பின்னால் தண்ணீர் புடைத்துக்கொண்டு வந்தது. ஒரு நிழல். பாரை. கிட்ட வந்தது, பார்த்தது, திரும்பிப் போய்விட்டது. மறுபடி வீசினேன். மறுபடி வந்து, பார்த்து, போனது.

"என்னட்டி, பாத்துட்டுப் பாத்துட்டுப் போகுது?"

"தெரியலக்கா."

"நீ இழுக்கிதது, பயந்து ஓடுத மாதிரி இல்லட்டி. கல்யாண வீட்டுக்குப் போற மாதிரி ஒரே சீரால்லா போகுது."

நான் சிரித்துவிட்டேன். சிரித்ததில் தோள் தளர்ந்தது. அவள் சொன்னது உண்மைதான். தோளைக் காப்பாற்றுகிற நினைப்பில், கடிகாரம் மாதிரி அளந்து அளந்து இழுத்துக்கொண்டிருந்தேன். அடுத்த வீச்சில் அதை மறந்தேன். இரண்டு குட்டை இழுப்பு, ஒரு நிறுத்தம், பிறகு ஒரு நீள இழுப்பு. நிழல் வந்தது. வழக்கமாகப் பெரிய மீனைக் கண்டதும் கை தானாக நின்றுவிடும். நிற்கவிடவில்லை. உயிருக்குப் பயந்த மடவை என்ன செய்யுமோ அதைச் செய்தேன், தலைதெறிக்க இழுத்தேன். தண்ணீர் வெடித்தது.

கம்பைத் தூக்காமல் கையாலேயே ஓங்கி ஓர் இழுப்பு கொடுத்தேன். முள் ஏறியது. அதன் பிறகு லைன் என்னுடையதாக இல்லை. லைன் சுற்றியிருந்த ரீல் அலறியது. அந்தோணி அண்ணாச்சி வலையைக் கீழே போட்டுவிட்டு, "விடுங்க, ஓடட்டும், ஓடட்டும்" என்றார். கம்பின் அடியை இடுப்பில் ஊன்றி, இடது கையால் தாங்கி, ஓடவிட்டேன், சுற்றினேன், ஓடவிட்டேன். தோள் உளைந்தது, ஆனால் பிடித்து நின்றது. நான் அழுதுகொண்டிருந்தேன் என்பது அக்கா சொல்லித்தான் தெரியும். அவள் எப்போது தண்ணீருக்குள் வந்தாள் என்றும் தெரியாது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, களைத்துப் பக்கவாட்டில் சாய்ந்த மீனை முந்தானையோடு சேர்த்து நெஞ்சோடு அணைத்துத் தூக்கிவிட்டாள்.

வெள்ளி நிறத்தில் முழங்கை நீளத்துக்கு மேல் இருந்தது. வாயோரத்தில் வெள்ளை முடி நாலு நீட்டிக்கொண்டிருந்தது. முள்ளைக் கழற்றினேன்.

"எங்க ஊரு வழக்கம் உனக்குத் தெரியும். ஆனா இது உன் ஊர்க்கா. நீ சொல்றதுதான்" என்றேன்.

"நல்ல கொழம்பு மீனு" என்றார் அண்ணாச்சி.

அக்கா மீனைப் பார்த்தாள். அது அவள் கைக்குள் ஒரு துடி துடித்தது. "நெஞ்சு அடிக்கிதது தெரியுது" என்றாள். குனிந்து, தண்ணீருக்குள் இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்தாள். அது மூச்சு வாங்கி, வாலை அசைத்து, பழுப்புத் தண்ணீருக்குள் மறைந்தது. அக்கா வெறுங்கையோடு கொஞ்ச நேரம் அப்படியே குனிந்து நின்றாள். பிறகு நிமிர்ந்து, "அண்ணாச்சி, ஒங்க வலையில என்ன கெடக்கு? கொழம்புக்குக் குடுங்க" என்றாள்.

மடவை கொடுத்தார். மணலில் உட்கார்ந்து புளியோதரையைப் பிரித்து அவருக்கும் ஒரு பங்கு வைத்தோம். அக்கா நடந்ததை, அங்கேயே நின்று பார்த்த அவருக்கே முதலிலிருந்து மறுபடி சொன்னாள். நான் செல்வத்தைக் கூப்பிட்டேன்.

"என்ன ஆச்சு?" என்றார். எடுத்ததும் அதுதான் கேட்டார். அவருக்கும் பயம் இருந்திருக்கிறது.

"சீசனுக்கு அங்க இருக்கிற என் கம்புகளைத் தூசி தட்டி வைங்க. படகுல எனக்கு இடம் வேணும்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அதற்குள் அக்கா மீன் வாடை அடிக்கிற கையால் போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"மச்சான், நான் செண்பகம் பேசுதேன். ரெண்டு எடம் வைங்க."